விட்டகன்ற வீடும் களை மூடிய தீவும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியன் என்ற முறையில் இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நான் எழுதப் புகுந்திருப்பதோ ஒரு கணினி விளையாட்டைப் பற்றி. நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஆசிரியன் ஒருவன், மாணவர்க்கு ஆகாதெனத் தான் விலக்கும் விளையாட்டைப் பற்றித் தானே எழுதுவது நகைப்புக்கு இடமாகலாம். நகைப்பவர் நகைக்க. எனினும், கடந்த ஆவணி மாதத்தில் என் வீட்டு விறாந்தையில் நிகழ்ந்த ஒன்றை எழுதாமல் வேறெதனை எழுத அமர்ந்தாலும் என் கை ஓடவில்லை. அது விளையாட்டைப் பற்றியது போலத் தோன்றினும், விட்டுச் சென்ற இடத்துக்கு மீளுதல் பற்றியது. பழைய மாணவர் கூடும் விழாவுக்கு அது முற்றும் புறம்பானதன்று என்று கருதுகிறேன்.

என் ஊர் ஏறாவூர். மட்டக்களப்பு நகருக்கு வடமேற்கே, வாவியை அடுத்துக் கிடக்கும் ஊர். என் தந்தையார் கட்டடத் தொழில் செய்தவர்; ஊரார் அவரை ‘மேசனார்’ என்றே அழைப்பர். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி, மட்டக்களப்புப் பகுதியின் தென்னைகளையும் கூரைகளையும் ஒரே இரவில் சாய்த்துச் சென்றது. அதன் பின்வந்த இரண்டு ஆண்டுகளும் தந்தையாருக்கு ஓயாத வேலை. பிறர் வீடுகளைப் பகலிற் கட்டித் தம் வீட்டை மாலையிற் கட்டினார் என்று தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். முன்னே ஒரு விறாந்தை, நடுவே ஒரு மண்டபம், இருபுறமும் இரண்டு அறைகள், பின்னே தனியாக ஓர் அடுக்களை, அதற்கப்பால் கிணறு. இவ்வளவே எங்கள் வீடு. அவ்வீட்டிலேதான் நான் பிறந்தேன்.

1990ஆம் ஆண்டில் அவ்வீட்டை விட்டு நாங்கள் ஓட நேர்ந்தது. அப்போது எனக்கு வயது பத்து; என் தமக்கைக்குப் பதினான்கு. ஏறாவூரில் அவ்வாண்டு துயருறாத சமூகம் இல்லை. தமிழரும் இழந்தனர், முஸ்லிம்களும் இழந்தனர். யார் பிழை என்று வழக்குரைக்க நான் இதனை எழுதவில்லை. மட்டக்களப்பு நகரில் இருந்த மாமி வீட்டில் ஒதுங்கினோம். அங்கிருந்தே நமது கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன். அந்த ஓட்டம் நிகழாதிருந்தால் இக்கல்லூரியின் பழைய மாணவன் என்று சொல்லும் உரிமை எனக்கு வாய்த்திராது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1994இல், தந்தையார் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்கச் சென்றார். கூரை இல்லை, மரங்கள் அனைத்தும் போயிருந்தன. மண்டபத்தின் நடுவே நாயுண்ணிப் பற்றையும் எருக்கும் என் தலைக்கு மேலாக வளர்ந்திருந்தன. தந்தையார் ஒன்றும் பேசவில்லை. கத்தியை எடுத்து அடுக்களைப் பக்கமிருந்து பற்றையை வெட்டத் தொடங்கினார். மாலையில் தெருமுனையிலிருந்த பலசரக்குக் கடைக்குத் தண்ணீர் குடிக்கச் சென்றோம். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். அவர் வீட்டிலும் 1990 ஓர் உயிரைக் கொண்டு போயிருந்தது. தந்தையாரைக் கண்டதும் அவர் எழுந்து நின்று, “எங்க மேசனார் போயிருந்தீங்க இவ்வளவு காலமும்? உங்கட கணக்கு இன்னும் அப்படியே கிடக்கு” என்றார். நைந்துபோன கொப்பியொன்றைத் தேடி எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். எங்கள் பெயரில் 186 ரூபாய் கடன் எழுதியிருந்தது.

தந்தையார் அடுத்த கிழமை அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். “இருக்கட்டும்” என்று கடைக்காரர் சொல்லவில்லை; எண்ணி வாங்கிக்கொண்டு அக்கணக்கைக் கோடிட்டார். வீடு திரும்பும் வழியில் தந்தையார் மகிழ்ச்சியாக இருந்தார். நான்கு ஆண்டுகளாகத் தமது பெயர் ஒருவரது கொப்பியில் இருந்திருக்கிறது என்பதே அம்மகிழ்ச்சிக்குக் காரணம் என்று இப்போது விளங்குகிறது. அன்று எனக்கு அது விளங்கவில்லை.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் சில காலம் எங்கள் பகுதியில் அமைதி நிலவியது. நான் ஆசிரியனானேன், தமக்கைக்குத் திருமணமாயிற்று. 2003இல் அத்தானும் தமக்கையும் கனடாவுக்குப் புறப்பட்டபோது, அத்தான் தமது கணினியை என்னிடம் விட்டுச் சென்றார். அதனுடன் இறுவட்டுகள் சிலவும் இருந்தன. அவற்றுள் ஒன்று ‘தி சிம்ஸ்’ என்னும் விளையாட்டு.

அறியாதவர்க்காக ஒரு சிறிது சொல்வேன். அவ்விளையாட்டில் பகைவரும் இல்லை, படையும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. வெறுநிலம் ஒன்றும் 20,000 காசும் தரப்படும். அந்நிலத்தில் வீடு கட்டி, சிறு பதுமை மனிதரை அதிற் குடியேற்றி, அவர்கள் உண்ணவும் உறங்கவும் குளிக்கவும் தொழிலுக்குச் செல்லவும் வழிசெய்ய வேண்டும். கவனியாது விட்டால் அடுப்புப் பற்றி எரியும், முற்றத்துப் பூக்கள் வாடும், குழந்தை அழும். 2000ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வெளிவந்த இதனை ஆக்கியவர் வில் ரைட் என்னும் அமெரிக்கர். கலிபோர்ணியாவின் ஓக்லாந்து நகரத்துக் குன்றுகளில் 1991ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மூண்ட பெருந்தீ இருபத்தைவர் உயிரைக் குடித்து, ஆயிரக்கணக்கான வீடுகளை எரித்தது. எரிந்தவற்றுள் ரைட் அவர்களின் வீடும் ஒன்று. உடைமை அனைத்தையும் ஒவ்வொன்றாக மீளத் தேடிக்கொண்ட அந்நாள்களில், ஒரு மனிதனுக்கு எவை வேண்டும், எவை வேண்டா என்று அவர் சிந்தித்தார். அச்சிந்தனையே இவ்விளையாட்டுக்கு வித்தாயிற்று. தொடக்கத்தில் அது வீடு கட்டும் கலையைப் பற்றியதாகவே இருந்ததாம். கட்டிய வீடு நல்லதா எனக் காட்டுவதற்கே பதுமைகள் சேர்க்கப்பட்டனவாம். பின்னர் அப்பதுமைகளே விளையாட்டாக மாறிவிட்டன.

இவ்வரலாற்றை நான் பின்னரே அறிந்தேன். அறியாத காலத்தில் நான் செய்தது என்ன? முதல் நாளே, வேறெதனையும் கட்டத் தோன்றாமல், 1990இல் விட்டு ஓடிய எங்கள் வீட்டையே கட்டினேன். முன்னே விறாந்தை, நடுவே மண்டபம், இருபுறமும் அறைகள், பின்னே அடுக்களை. கிணறு அதில் இல்லை, நீச்சற்குளந்தான் இருந்தது. சாமியறைக்கு ஏற்ற பொருளும் இல்லை. ஒரு சிறு மேசைமேல் விளக்கொன்றை வைத்து அதனையே குத்துவிளக்காகக் கொண்டேன். தந்தை, தாய், அக்கா, நான் என நால்வரைக் குடியேற்றினேன். அக்காவையும் என்னையும் சிறுவராகவே வைத்தேன். அவ்விளையாட்டின் அந்த முதற் பதிப்பில் மூப்பு என்பது இல்லை. பெரியோர் கிழவராவதில்லை; சிறுவர் எத்தனை நாள் பள்ளிக்குச் சென்றாலும் சிறுவரே. 2004இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் வளர்ச்சியும் மூப்பும் புகுந்தன. என்னிடம் இருந்தது முதற் பதிப்பு.

ஒரு நாள் மாலை தந்தையார் என் பின்னே நின்று நான் சுவர் எழுப்புவதைப் பார்த்தார். “அத்திவாரம் போடாம சுவர் எழுப்பிறாய் மனே, மாரி வந்தா நிக்காது” என்றார். இதில் மழை வீட்டை ஒன்றும் செய்யாது என்றேன். “அப்ப அது வீடில்ல” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். அவ்விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் அத்திவாரமும் சேர்க்கப்பட்டதை அறிந்தபோது, மேசனார் சொன்ன குறை அவர்களுக்கும் எட்டியிருக்கிறது போலும் என்று நகைத்துக்கொண்டேன்.

தமிழாசிரியனாகிய எனக்கு அதில் வேறு இன்பமும் இருந்தது. அப்பதுமைகளுக்குத் தேவைகள் எட்டு: பசி, சொகுசு, தூய்மை, கழிவு, ஓய்வு, களிப்பு, உறவு, இருப்பிடம். தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகளும் எட்டே. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பவற்றுள் அப்பதுமைகள் காட்டாத மெய்ப்பாடு உண்டா என்று நான் தேடியதுண்டு. அவை பேசும் மொழியோ எந்நாட்டு மொழியும் அன்று. நடிகர் இருவர் ஒலிக்கூடத்தில் தாமே இட்டுக்கட்டிப் பேசிய பொருளற்ற ஓசைகளே அம்மொழியாயின. சொல்லுக்குப் பொருள் உண்டு என்று வகுப்பறையிற் கற்பிப்பவன் இரவில் பொருளற்ற சொல்லைக் கேட்டு, அதிற் சினமும் செல்லமும் பிரித்தறிந்து மகிழ்ந்திருந்தேன். நமது வாவியின் பாடுமீன் ஓசைக்குப் பொருள் கேட்பார் இலரன்றோ?

ஆசிரியர் கலாசாலையில் ஈராண்டுப் பயிற்சி பெற்ற காலத்தும் விடுமுறை இரவுகள் அவ்வீட்டிலேயே கழிந்தன. இனி எழுதப் போவதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

2006ஆம் ஆண்டின் பிற்பகுதி. கிழக்கில் மீண்டும் போர் மூண்டிருந்தது. தந்தையாருக்கு நெஞ்சுநோய், எழுந்து நடப்பது அரிது. தாயார் அன்றிரவு உறவினர் வீடொன்றில் மரணச் சடங்குக்குப் போயிருந்தார். அறையிலிருந்து தந்தையார் தேநீர் கேட்டார். “இந்தா வாறன் அப்பா” என்றேன். கணினித் திரையிலும் என் தந்தைக்குப் பசி. அவரை அடுக்களைக்கு அனுப்பி, உணவு ஆக்கச் செய்து, மேசையில் இருத்த வேண்டும். அதன் பிறகு எழுந்து போகலாம் என்று இருந்தேன். அரை மணிநேரம் கழிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து வந்து அவர் என் பின்னே நின்றதை நான் அறியேன். திரையைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, கோபம் சிறிதுமின்றிச் சொன்னார்: “பெட்டிக்குள்ள இருக்கிறவனுக்குச் சோறு குடுத்து முடிஞ்சா, எனக்கும் ஒரு தேத்தண்ணி தா மனே.”

கைகள் நடுங்க அப்படியே சேமித்துக் கணினியை அணைத்தேன். தேநீர் ஆற்றிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, அடுத்த நாள் அங்காடியில் வாங்கவேண்டிய பொருள்களைப் பற்றிப் பேசினார். அந்நிகழ்ச்சியை அவர் மீண்டும் ஒருபோதும் எடுத்துரைக்கவில்லை. நான்தான் அதனை நாள்தோறும் எடுத்துப் பார்த்தேன். அவ்விளையாட்டை அதன்பின் நான் தொடவில்லை. 2007இல் தந்தையார் காலமானார். கனடாவில் தமக்கைக்குக் கைக்குழந்தை. நிரந்தர வதிவிடப் பத்திரமும் கைக்கு வந்திருக்கவில்லை. அவளால் கடைசி முகம் பார்க்க வர முடியவில்லை. கணினியைப் பழைய சேலையொன்றாற் சுற்றிக் களஞ்சிய அறையின் பரணில் வைத்தேன். ஆண்டுகள் ஓடின.

2025ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் தமக்கை தன் மகளுடன் ரொறன்ரோவிலிருந்து வந்தாள். மருமகளுக்கு வயது பத்தொன்பது. அவளிடம் கைக்கு அடக்கமான விளையாட்டுப் பொறி ஒன்று இருந்தது. ஒரு பிற்பகல் விறாந்தையில் அமர்ந்து, அதனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். காரணம் கேட்டேன். “பயமாயிருக்கு மாமா. நாலு வருசமா நான் போகேல்ல. அதுகள் கோபிக்குங்கள்” என்றாள்.

‘அதுகள்’ என்றது, ‘அனிமல் கிராசிங்’ என்னும் விளையாட்டில் அவளுடைய தீவில் வாழும் விலங்குகளை. அவ்விளையாட்டின் புதிய பதிப்பு 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி வெளிவந்தது. அதே நாள் மாலை ஆறு மணிக்கே கொள்ளைநோய் காரணமாக நம் நாட்டில் ஊரடங்கு தொடங்கியதென்பது எனக்கு நினைவு வந்தது. உலகெங்கும் வீட்டுக்குள் அடைபட்ட சிறுவர்க்கும் பெரியோர்க்கும் அந்தத் தீவு போக்கிடமாயிற்று. பதினான்கு வயதில் என் மருமகளும் அத்தீவிற் குடியேறினாள். மரம் நட்டாள், மீன் பிடித்தாள், வீடு கட்டினாள். பள்ளிகள் திறந்தபின் அதனை மறந்தாள்.

அவ்விளையாட்டுக்கும் நான் ஆடியதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு என்பதை அன்று அறிந்தேன். நான் ஆடியதில், நாம் விலகினால் காலமும் நின்றுவிடும். இதிலோ, பொறிக்குள் இருக்கும் மணிக்கூடு நம் மணிக்கூட்டோடு சேர்ந்தே ஓடும். நாம் இல்லாதபோதும் அங்கே விடியும், பொழுது சாயும், மாரியும் கோடையும் மாறும். திறப்பது காலையானால் அங்கும் காலை. முற்றத்தில் களை வளரும். வீட்டுக்குள் கரப்பான்பூச்சி புகும். முந்திய பதிப்புகளில், நெடுநாள் வராதிருந்தால் அயலார் வீடு மாறிப் போய்விடுவதும் உண்டாம். இப்பதிப்பில் அயலார் போக விரும்பினாலும் நம்மிடம் கேட்டுத்தான் போவார்களாம். இதனை மருமகள் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லாமற் கொள்ளாமல் இரவோடிரவாகப் போனவர்களையும் போக நேர்ந்தவர்களையும் அறிந்த எனக்கு, அது சாதாரணமாகப் படவில்லை.

இதனை முதலில் ஆக்கியவர்களுள் முதன்மையானவர் யப்பானியராகிய கட்சுயா எகுச்சி. 1986இல் நின்டென்டோ நிறுவனத்தில் வேலை ஏற்று, சிபா என்னும் தம் ஊரையும் உற்றாரையும் நண்பரையும் பிரிந்து, தொலைவிலுள்ள கியோத்தோ நகருக்கு அவர் குடிபெயர்ந்தார். உற்றார் அருகிருப்பது எத்துணைப் பெரிய பேறு என்பதை அங்கேதான் உணர்ந்தாராம். அவ்வுணர்வை மீளப் படைக்க முயன்றதன் பயனே 2001இல் யப்பானில் வெளிவந்த இவ்விளையாட்டின் முதல் வடிவம். ஒருவர் வீடு எரிந்தமையால் ஆக்கினார். மற்றவர் ஊர் பிரிந்தமையால் ஆக்கினார். இரண்டு இழப்புகளும் எங்கள் ஊருக்குப் புதியன அல்ல.

இறுதியில் மருமகள் துணிந்து திறந்தாள். தீவெங்கும் களை, நடைபாதையும் தெரியவில்லை. அவளுடைய பதுமை தலைமயிர் கலைந்து, தூங்கி எழுந்தவள் போல் நின்றது. வீட்டுக்குள்ளே கரப்பான்பூச்சிகள் ஓடின. தயங்கித் தயங்கி அயலில் நின்ற ஒரு முயலிடம் சென்றாள். முயல் கோபிக்கவில்லை. எத்தனையோ மாதமாகக் காணவில்லையே என்று வியந்தது. நலமா என்று கேட்டது. மருமகளின் கண்கள் கலங்கின. உடனே நாணங்கொண்டு, “இது எழுதி வச்ச வசனம்தான் மாமா” என்றாள். ஆம், எவரோ எழுதி வைத்த வசனந்தான். ஆனால் ஊர் பிரிந்த ஒருவரே அதை எழுதுவித்தார். நாங்கள் ‘எப்ப வந்த நீங்கள்?’ என்று தெருவிற் கேட்பதும் நம் முன்னோர் எழுதி வைத்த வசனமே. அதனால் அது பொய்யாகிவிடுவதில்லை.

அன்று மாலை முழுவதும் அவள் களை பிடுங்கினாள். “வீட்டில ஒரு புல்லுப் பிடுங்க மாட்டாள்” என்று தமக்கை கேலி செய்தாள். எனக்கோ 1994இன் மாலையும், தந்தையாரின் கத்தியும், கடைக்காரரின் கேள்வியும் நினைவுக்கு வந்தன. அன்றிரவு பரணில் ஏறினேன்.

‘தி சிம்ஸ்’ வெளிவந்து 25 ஆண்டு நிறைந்ததையொட்டி, 2025 சனவரியில் அதனை மீண்டும் விற்பனைக்கு விட்டிருந்தனர். புதிதாக வாங்கியிருக்கலாம். எனக்கு வேண்டியது விளையாட்டன்று, அந்த வீடு. ஏறாவூரிற் கணினி திருத்தும் என் பழைய மாணவன் ஒருவன், இரண்டு நாள் முயன்று அக்கணினிக்கு உயிரூட்டினான். உள்ளிருந்த சிறு மின்கலம் செத்துப் போனமையால் அதன் நாட்காட்டி பின்னோக்கிச் சென்று, ‘2002 சனவரி 1’ என்று காட்டியது. “சரியான திகதியைப் போடவா சேர்?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

தமக்கையும் மருமகளும் அருகே இருந்தனர். வீடு திறந்தது. ஒரு புல்லும் கூடுதலாக முளைத்திருக்கவில்லை. வாசலிற் கிடந்த செய்தித்தாள் அவ்விடத்திலேயே கிடந்தது. தாய் மண்டபத்தில், சிறுவனும் சிறுமியும் உறக்கத்தில். தந்தை அடுக்களையில், குளிர்சாதனப் பெட்டியின் முன்னே நின்றார். அவருடைய பசிக்கோடு சிவந்திருந்தது. நான் சேமித்து அணைத்தபோது அவர் இன்னும் உண்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு எட்டியது. அன்று தேநீர் கேட்டவர் குடித்துவிட்டார், காலமாகியும் விட்டார். உணவு தேடி நின்றவர் பத்தொன்பது ஆண்டுகளாகப் பசியோடு நிற்கிறார்.

காலம் ஓடத் தொடங்கியதும் அப்பதுமை நிமிர்ந்து எங்களைப் பார்த்து, கைகளை அசைத்து, தன் மொழியில் ஏதோ முறையிட்டது. பசி மிகுந்தால் அவை அவ்வாறு செய்வது வழக்கம். “அம்மப்பா உண்மையா இப்படியா இருந்தார்?” என்று மருமகள் கேட்டாள். மீசை இப்படியன்று என்றேன். தமக்கை நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தாள். பின்பு, “தம்பி, அவருக்குப் பசிக்குது போல. முதல்ல சாப்பாடு குடு” என்றாள். சுட்டியை அவள் கையிற் கொடுத்தேன். எங்கே அழுத்தவேண்டும் என்று மட்டும் காட்டினேன். அவள் பிழையாக இரண்டு முறை அழுத்தி, மூன்றாம் முறை சரியாக அழுத்தினாள். அவர் சமைத்தார், மேசையில் அமர்ந்து உண்டார், பின்னர் வாசலிற் கிடந்த செய்தித்தாளை எடுத்துப் படித்தார், படுக்கைக்குச் சென்றார். அவர் உறங்கும் வரைக்கும் நாங்கள் மூவரும் பார்த்திருந்தோம். உறங்கியபின் சேமித்தோம். இனி எத்தனை ஆண்டு கழித்துத் திறந்தாலும் அவர் உண்டு உறங்கும் நிலையிலேயே இருப்பார். அதற்கு மேல் அவ்வீட்டில் நான் செய்யத்தக்கது யாதும் இல்லை.

அன்று என் மனம் ஆறியது என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. தமக்கைக்கு ஓரளவு ஆறியிருக்கலாம். எனக்கு ஒரு குறை இருந்தது. அது யாதென நெடுநேரம் விளங்கவில்லை. பின்னரே கண்டேன். அவ்வீட்டில் அனைத்தும் அப்படியே இருந்தன. ஆனால், எங்கே போயிருந்தாய் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அவர்களால் ஆகாது. நான் போனதையே அவர்கள் அறியார். நினைவும் அத்தகையதே. நாம் விட்ட இடத்தில் விட்டவாறே நிற்கும், குறை சொல்லாது, நம்மைத் தேடவும் தேடாது. களை மூடிய தீவிலோ ஒரு முயல் கேட்டது. பற்றை மூடிய தெருவில் ஒரு கடைக்காரர் கேட்டார். களை வளர்ந்த இடத்தில்தான் நாம் இல்லாத காலமும் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. கணினி அணைந்தபின் தாயாரின் அறைக்குச் சென்று, நெடுநாளைக்குப் பிறகு அவர் அருகே அமர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். என்ன புதினம் என்று அவர் கேட்டார்.

இக்கட்டுரைக்கு முடிவுரை வேண்டுமாயின், அதனை நமது கல்லூரியே தந்தது. விழா ஒழுங்குகளுக்காகப் பழைய மாணவர் சங்கம் சிரமதானம் ஒன்றுக்கு அழைத்திருந்தது. ஏறாவூரிலிருந்து கல்லூரி ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவே. ஆயினும் நான் உள்ளே கால்வைத்துப் பல ஆண்டுகளாயிருந்தன. வேலை, குடும்பம், நாட்டு நிலைமை எனக் காரணங்கள் பல. உண்மையான காரணம் வேறு. 1990இல் மாற்றுடை ஒன்றோடு வந்து சேர்ந்த சிறுவனை நான் அங்கே அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன். மாறிய கட்டடங்களைக் கண்டால் அவனும் இல்லாமற் போய்விடுவான் என்று அஞ்சினேன் போலும்.

வாயிலில் ஓய்வுபெற்ற ஆசான் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். எனக்குத் தமிழ் கற்பித்தவர். கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, “எங்க தம்பி போயிருந்தாய் இவ்வளவு நாளும்?” என்றார். விடை ஒன்றும் என் வாயில் வரவில்லை. “சரி சரி, வந்திட்டாய்தானே. மண்வெட்டி அங்க இருக்கு” என்று பின்புறம் காட்டினார். வகுப்பறைகளின் பின்னே முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. வழக்கறிஞர் ஒருவர், வங்கி அலுவலர் இருவர், கமக்காரர் ஒருவர், பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் ஏற்கெனவே புல் செருக்கிக் கொண்டிருந்தனர். நானும் குனிந்தேன்.

அன்பர்களே, நம் கல்லூரி நாம் விட்டுச் சென்றவாறே நமக்காகக் காத்திருக்கவில்லை, காத்திருக்கவும் கூடாது. பழைய மரங்கள் வீழ்ந்தன. புதிய மாடிகள் எழுந்தன. நம் பெயர் அறியாத சிறுவர் நம் வாங்குகளில் அமர்ந்திருக்கின்றனர். ஆயினும் வாயிலில் ஒருவர் கேட்கிறார். கேட்பவர் இருக்கும்போதே வந்து சேருங்கள். விடை வாயில் வராவிடினும் வாருங்கள். பின்புறத்திற் புல் இன்னும் மிச்சம் இருக்கிறது.

கல்லூரி நீடு வாழ்க.